பிள்ளையில் பிழை இல்லை

(கிளிநொச்சியில் பெற்றோரும் ஆசிரியர்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

பள்ளி விட்ட கையோடு நேரே வந்திருக்கும் ஆசிரியர்களுக்கு வணக்கம். கிளினிக் முடித்த களைப்போடு வந்திருக்கும் குடும்பநல உத்தியோகத்தர்களுக்கு வணக்கம். எல்லாருக்கும் பின்னால், பிள்ளை எழும்பி ஓடினால் கூடவே ஓட வசதியாகக் கதவோரம் இடம் பார்த்து இருக்கிறீர்களே தாய்மாரே, உங்களுக்குத் தனியாக ஒரு வணக்கம்.

உங்கள் பிள்ளை ஓடட்டும். சத்தம் போடட்டும். மேடையில் ஏறினாலும் ஏறட்டும். நான் பேச்சை நிறுத்திக்கொண்டு நிற்பேன், பிறகு தொடர்வேன். இந்தப் பிள்ளைகளைப் பற்றிப் பேசக் கூடிய மண்டபத்தில் இந்தப் பிள்ளைகளுக்கு இடமில்லை என்றால், நாங்கள் எதற்காகக் கூடினோம்?

இன்றைக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள், மூளை வேறு விதமாக வேலை செய்யும் பிள்ளைகள். ஓட்டிசம் உள்ள பிள்ளைகள். ஓரிடத்தில் இருக்க முடியாமல் துருதுருவென்று திரியும் பிள்ளைகள். எல்லாம் விளங்கும், எழுத்து மட்டும் பிடிபடாது என்று தவிக்கும் பிள்ளைகள். இவர்களுக்கும், இவர்களைத் தோளில் சுமக்கும் குடும்பங்களுக்கும், வன்னி மண்ணில் நாங்கள் எப்படித் துணை நிற்பது? நான் சொல்ல வந்தது ஒன்றுதான். பிள்ளையைத் திருத்தும் வேலையை நிறுத்துவோம். அந்தப் பிள்ளை வாழக்கூடிய ஊரை ஆக்கும் வேலையைத் தொடங்குவோம்.

முதலில் தாயிடமிருந்து தொடங்குகிறேன். ஏனென்றால் எல்லாப் பழியும் முதலில் அவள் தலையில்தான் விழுகிறது.

பிள்ளைக்கு மூன்று வயது. இன்னும் கதை வரவில்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. விளையாட்டுக் காரை உருட்டாமல், கவிழ்த்துப் போட்டு அதன் சில்லை மட்டும் சுற்றிக்கொண்டிருக்கிறான். அயலட்டை என்ன சொல்லுகிறது? "தேப்பனும் பிந்தித்தானே கதைச்சவன், விடு" என்கிறது. "செல்லம் குடுத்துக் கெடுத்துப்போட்டாய்" என்கிறது. "எப்ப பார்த்தாலும் போனைக் கையில குடுத்து வைச்சிருக்கிறாய், பிறகெப்பிடிக் கதைப்பான்?" என்கிறது. நாவூறு என்கிறது, கிரகம் என்கிறது, நூல் கட்டச் சொல்லுகிறது. ஒவ்வொருவரும் அன்போடுதான் சொல்லுகிறார்கள். ஆனால் அத்தனை சொல்லும் ஒரே இடத்தில்தான் போய்க் குத்துகிறது: நீ என்னவோ பிழை விட்டிருக்கிறாய்.

இவை எல்லா ஊரிலும் உள்ள கதைகள். வன்னித் தாய்க்கு மட்டும் இன்னொன்று இருக்கிறது. அதை அவள் யாரிடமும் கேட்பதில்லை. இரவில், பிள்ளை தூங்கிய பிறகு, தன்னையே கேட்கிறாள்: "இவன் வயித்தில இருக்கேக்க நான் பங்கருக்குள்ள கிடந்தனே, அதாலயோ?" 2009இல், போரின் நடுவில், வயிற்றில் இருந்த பிள்ளைகள் இன்று பதின்ம வயதைக் கடந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களின் தாய்மார் இத்தனை ஆண்டுகளாக இந்தக் கேள்வியோடு படுத்தெழும்புகிறார்கள். இப்போது முன்பள்ளியில் பிள்ளை வைத்திருக்கும் இளந்தாய்மாரோ அன்றைக்குச் சிறுமிகள். அவர்கள் வேறு விதமாகக் கேட்கிறார்கள்: "சின்னனில பசியும் பயமுமாய்க் கிடந்த உடம்பு இது. அந்தக் குறைதான் என்ர பிள்ளைக்கு வந்திட்டுதோ?"

தாய்மாரே, இதை எல்லார் முன்னாலும் உரத்துச் சொல்லுகிறேன். ஓட்டிசம் ஒரு தாய் விட்ட பிழையால் வருவதில்லை. பங்கருக்குள் இருந்ததற்காக நீங்கள் யாருக்கும் கணக்குக் காட்ட வேண்டியதில்லை.

போர் எங்களை எதுவும் செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. செய்தது, நிறையவே செய்தது. மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் தன் வாழ்நாளின் பெரும்பகுதியை அந்தக் காயங்களை எழுதி வைப்பதிலேயே செலவிட்டார். ஆனால் ஓட்டிசம் குண்டு விழாத நாடுகளிலும் இருக்கிறது. யப்பானில் இருக்கிறது. நோர்வேயில் இருக்கிறது. ரொறன்ரோவில் பிறந்த உங்கள் அக்காவின் பேரப்பிள்ளைகளுக்கு நடுவிலும் இருக்கிறது. தூரத்துக்கு ஏன் போவான்? கொழும்புப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஹேமமாலி பெரேராவும் குழுவினரும் நாட்டின் தெற்கே நகர்ப்புறம் சார்ந்த ஒரு பகுதியில் 18 மாதத்துக்கும் 24 மாதத்துக்கும் இடைப்பட்ட 374 பிள்ளைகளைப் பரிசோதித்தார்கள். 93 பிள்ளைகளுக்கு ஒரு பிள்ளை என்ற அளவில் ஓட்டிசம் இருந்தது. அந்த ஆய்வு வெளியான ஆண்டு எது தெரியுமா? 2009. நாங்கள் முள்ளிவாய்க்காலில் நின்ற அதே ஆண்டு. செல் விழாத ஊரில் இருந்த தாய்மாரின் பிள்ளைகளிடத்தில் எடுத்த கணக்கு அது. சிறிய ஆய்வுதான். என்றாலும் உங்கள் நெஞ்சில் கிடக்கும் கல்லை இறக்கி வைக்க அது போதும்.

தாயைக் குற்றவாளியாக்கும் வழக்கம் எங்கள் கிராமத்தில் பிறந்த வழக்கம் என்றும் எண்ணிவிடாதீர்கள். பெரிய பெரிய படிப்பாளிகள் தொடங்கி வைத்தது அது. 1943இல் அமெரிக்காவில் லியோ கானர் என்ற மருத்துவர் பதினொரு பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையோடுதான் ஓட்டிசம் என்ற பெயர் மருத்துவ உலகில் நிலைத்தது. அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் பாசம் குறைந்தவர்கள் என்றும் அதே கட்டுரையில் ஒரு சொல் விழுந்துவிட்டது. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். அன்பில்லாமல் குளிர்ந்துபோன தாயால்தான் பிள்ளை தனக்குள் ஒடுங்கிவிட்டது என்றார்கள். புரூனோ பெத்தல்ஹைம் 1967இல் ஒரு முழுப் புத்தகமே எழுதினார். எத்தனை தாய்மாரின் மடியிலிருந்து பிள்ளைகளைப் பிரித்தெடுத்தார்கள்! எத்தனை தாய்மாரை மருத்துவர் முன் உட்கார்த்தி, "உன் பிள்ளையை நீ உண்மையில் விரும்புகிறாயா?" என்று கேட்டார்கள்!

அதை உடைத்தது யார்? ஒரு தகப்பன். பேர்னார்ட் ரிம்லாண்ட், உளவியல் படித்தவர், ஓட்டிசம் உள்ள ஒரு மகனின் தந்தை. 1964இல் அவர் எழுதிய நூல், இது மூளையின் அமைப்போடு சேர்ந்து வருவது, தாயின் அன்போடு சம்பந்தப்பட்டது அல்ல என்று அடித்துச் சொன்னது. 1977இல் இங்கிலாந்தில் இரட்டைப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு, பரம்பரையலகுகளின் பங்கை எடுத்துக் காட்டியது. அதற்குப் பிறகு வந்த ஆய்வுகள் அதை மேலும் மேலும் உறுதிப்படுத்தின. தடுப்பூசியால் வருகிறது என்று 1998இல் இலண்டனில் ஒரு மருத்துவர் கட்டுரை வெளியிட்டார். அந்தக் கட்டுரையை வெளியிட்ட இதழே 2010இல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆனால் அந்தப் பொய் இன்னும் உங்கள் வட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. தடுப்பூசியை நிறுத்தாதீர்கள். குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வரும்போது பிள்ளையை ஒளிக்காதீர்கள்.

சரி. பிழை தாயில் இல்லை. அப்படியென்றால் பிழை பிள்ளையில் இருக்கிறதா?

இந்தக் கேள்விக்கு விடை சொல்ல முன்னர், வன்னி மக்களாகிய உங்களிடம் ஒன்று கேட்கிறேன். 2009க்குப் பிறகு இந்த மண்ணில் கால் இழந்தவர் ஒருவர் இல்லாத ஒழுங்கை இருக்கிறதா? பரந்தனில், விசுவமடுவில், புதுக்குடியிருப்பில், மல்லாவியில், எங்கே போனாலும் கை இழந்தவர், கண் இழந்தவர், முள்ளந்தண்டில் காயப்பட்டுச் சக்கர நாற்காலியில் இருப்பவர். அவர்களைப் பார்த்து, "முதலில் நடந்து காட்டு, பிறகு உள்ளே வா" என்று சொன்னோமா? வீட்டு வாசல்படியை இடித்துச் சரிவுப்பாதை போட்டோம். மலசலகூடத்தில் பிடிகம்பி பூட்டினோம். கிணற்றடியை மாற்றிக் கட்டினோம். யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிறுவனத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் செயற்கைக் கால் பொருத்தினோம். குறை நிறைய இருந்தது, இன்றும் இருக்கிறது. ஆனால் ஒன்றை மட்டும் இந்த ஊர் விளங்கிக்கொண்டது: கால் இல்லாதவனுக்குப் படிதான் தடை. படியை மாற்று. ஆளைக் குறை சொல்லாதே.

உலகத்தின் பெரிய பல்கலைக்கழகங்கள் இன்று எழுதிக்கொண்டிருப்பதை வன்னியின் மேசன்மார் செய்து முடித்துவிட்டார்கள். அதே அறிவை ஓட்டிசம் உள்ள பிள்ளை வாசலில் வந்து நிற்கும்போது மட்டும் ஏன் மறந்துபோகிறோம்? "ஒழுங்காய் இருந்து காட்டு, பிறகு வகுப்புக்குள் வா." "கண்ணைப் பார்த்துக் கதை, பிறகு மிட்டாய் தருகிறேன்." "கையை ஆட்டாதே." "காதைப் பொத்தாதே." நடந்து காட்டு, பிறகு உள்ளே வா என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

சொல்லுங்கள், என்ன வித்தியாசம்?

எனக்குத் தெரிந்த ஒரு பையன், பாண் ஓட்டோவின் பாட்டை ஊரில் எவருக்கும் முன்னர் கேட்டுவிடுவான். ஓட்டோ பிரதான வீதியில் நிற்கும்போதே படலைக்கு ஓடுவான். தகப்பனுக்கு அதில் பெருமை. அதே காதுதான், கோயில் ஒலிபெருக்கி தொடங்கியதும் அவனை நிலத்தில் விழுந்து கதற வைக்கிறது. பெருமைக்குக் காரணமான காதும் வெட்கத்துக்குக் காரணமான காதும் ஒரே காது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அடித்துத் துரத்த முடியாது.

அவன் கதறி விழும்போது ஊர் என்ன சொல்லுகிறது? அடம் என்கிறது. "நாலு போட்டால் சரி வரும்" என்கிறது. 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்தது உங்களுக்கு நினைவிருக்கும். குளம் கோபித்துக்கொண்டா கதவு திறந்தது? கொள்ள முடியாத அளவுக்கு நீர் வந்தது, திறந்தது. சத்தமும் வெளிச்சமும் மணமும் சனமும் ஒன்றாக வந்து நிரம்பும்போது இந்தப் பிள்ளைக்கும் அதுதான் நடக்கிறது. அந்த நேரத்தில் அடிப்பதும் அதட்டுவதும் இன்னும் நீரைத் திறந்துவிடுகிற வேலை. செய்ய வேண்டியது எளிது. சத்தமில்லாத இடத்துக்குக் கூட்டிப் போங்கள். கேள்வி கேட்காதீர்கள். கூட்டம் கூடி வேடிக்கை பார்க்காதீர்கள். அது அடங்கும்வரை பக்கத்தில் இருங்கள். கையை ஆட்டினால் ஆட்டட்டும், உடம்பை முன்னும் பின்னும் அசைத்தால் அசைக்கட்டும். அவன் தன்னைத் தானே ஆற்றிக்கொள்ளும் வழி அது. யாருக்கும் தீங்கில்லாத ஒன்றை, பார்க்க ஒரு மாதிரி இருக்கிறது என்பதற்காக ஏன் பறிக்கிறோம்?

"அவையளுக்கு மற்றவையின்ர மனம் விளங்காது" என்று பலர் சொல்லுவார்கள். இதைக் கேள்வி கேட்டவர் டேமியன் மில்டன், ஓட்டிசம் உள்ள ஓர் ஆங்கில ஆய்வாளர். 2012இல் அவர் எழுதினார்: விளங்காமை இரண்டு பக்கமும் இருக்கிறது. அவர்களுக்கு எங்களை விளங்கவில்லை என்றால், எங்களுக்கு அவர்களை விளங்கியதா? எடின்பரோவில் செய்த ஓர் ஆய்வு 2020இல் வெளிவந்தது. சின்ன வயதில் வரிசையாக இருந்து காதோடு காதாகக் கதை சொல்லி விளையாடியிருப்பீர்கள் அல்லவா? ஏறக்குறைய அதே விளையாட்டுத்தான். எட்டு எட்டுப் பேராக வரிசைகள். ஒரு வகை வரிசையில் எல்லாரும் ஓட்டிசம் உள்ளவர்கள். இன்னொரு வகையில் எவருக்கும் ஓட்டிசம் இல்லை. மூன்றாவது வகையில் இரு சாராரும் கலந்து. ஓட்டிசம் உள்ளவர்கள் மட்டும் இருந்த வரிசையிலும் கதை, ஓட்டிசம் இல்லாதவர்களின் வரிசையைப் போலவே நன்றாகக் கடைசிவரை போய்ச் சேர்ந்தது. கலந்த வரிசையில்தான் கூடுதலாகச் சிதைந்தது. ஆக, குறை ஒருவரின் தலைக்குள் இல்லை. இருவருக்கும் இடையிலுள்ள பாதையில் இருக்கிறது. பாதையைப் போட இரண்டு பக்கத்திலிருந்தும் வர வேண்டும். இதுவரை பிள்ளையை மட்டும்தான் நடக்கவிட்டோம்.

எங்கள் பக்கத்திலிருந்து எப்படி நடப்பது? ஒன்று சொல்லுகிறேன். கதைக்காத பிள்ளைக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று நினைக்காதீர்கள். உங்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தண்ணீர்க் குடத்தில் வைக்கிறானே, அதுவும் கதைதான். உங்கள் போனில் குடத்தைப் படம் எடுங்கள். சோற்றுக்கோப்பையை எடுங்கள், சைக்கிளை எடுங்கள், அம்மம்மாவை எடுங்கள். அச்சடித்து மட்டையில் ஒட்டிக் கையெட்டும் உயரத்தில் கட்டிவிடுங்கள். படத்தைத் தொட்டால் உடனே கொடுங்கள், பெயரையும் சொல்லுங்கள். படம் பழகினால் பேச்சு வராது என்று பயப்படும் பெற்றோர் பலர். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. படமோ சைகையோ பேச்சைத் தடுப்பதில்லை. பேச்சு வந்தாலும் வராவிட்டாலும், வேண்டும் என்று கேட்கவும் வேண்டாம் என்று மறுக்கவும் அந்தப் பிள்ளைக்கு ஒரு வழி இருக்க வேண்டும். வேண்டாம் என்று சொல்லும் உரிமையை நான் அழுத்திச் சொல்லுகிறேன். யாராவது தொட்டாலும் பேசாமல் இருக்கப் பழக்கிய பிள்ளை, தீயவன் தொட்டாலும் பேசாமல்தான் இருக்கும்.

கதை பிந்துகிறது என்றால் முதலில் காதைப் பரிசோதியுங்கள். அதை மறவாதீர்கள்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. ஓட்டிசத்தை முற்றாகக் குணமாக்குகிறோம் என்று போனிலும் துண்டுப்பிரசுரத்திலும் வருகிறார்கள். ஊசி என்கிறார்கள், உணவு என்கிறார்கள், விசேட மருந்து என்கிறார்கள். தாலிக்கொடி அடகுக்குப் போகிறது. ஓட்டிசத்தைக் குணமாக்கும் மருந்து உலகில் இல்லை. வலிப்பு, நித்திரையின்மை, மலச்சிக்கல் என்று கூட வரும் தொல்லைகளுக்கு மருந்து உண்டு, அதற்கு அரச வைத்தியசாலைக்குப் போங்கள். குணமாக்கப் பணம் கேட்பவனுக்குப் படலையைத் திறக்காதீர்கள்.

1993இல் ரொறன்ரோவில் ஒரு மாநாடு. ஓட்டிசம் உள்ள ஜிம் சின்கிளேயர் என்பவர் பெற்றோர் முன் பேசினார். அவர் சொன்னதன் சாரம் இது: நீங்கள் எதிர்பார்த்த பிள்ளை வரவில்லை என்று அழுகிறீர்கள், அந்தத் துக்கம் உங்களுக்கு உரியது, ஆனால் உங்கள் முன்னால் உயிரோடு நிற்கும் பிள்ளைக்காக அழாதீர்கள், எங்களை இழந்தவர்களாக எண்ணாதீர்கள். இழப்பு என்றால் என்னவென்று வன்னிக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. பிள்ளையை இழந்தவர்கள் இந்த அவையில் இருக்கிறார்கள். பிள்ளையைத் தேடிக்கொண்டு வீதியோரம் ஆண்டுக்கணக்காகப் போராட்டத்தில் இருக்கும் தாய்மாரும் இந்த மண்ணில்தான் இருக்கிறார்கள். உங்கள் பிள்ளை இதோ இருக்கிறான். கையை ஆட்டிக்கொண்டு, சில்லைச் சுற்றிக்கொண்டு, இருக்கிறான்.

இனிக் குடும்பத்துக்கு வருகிறேன். ஏனென்றால் ஏற்றுக்கொள் என்று தாய்க்குச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவது பெரிய அநியாயம். அவள் ஏற்கெனவே ஏற்றுக்கொண்டுவிட்டாள். அவளுக்கு வேண்டியது துணை.

அவளுடைய ஒரு நாளைப் பாருங்கள். பேச்சுச் சிகிச்சைக்கு யாழ்ப்பாணம் போகச் சொல்லுகிறார்கள், சிலவேளை கொழும்பு. துணுக்காயிலிருந்து விடிய முன்னர் பஸ் எடுக்க வேண்டும். பிள்ளைக்கு பஸ்சின் சத்தம் ஒத்துக்கொள்ளாது. பஸ்சில் இருப்பவர்களுக்குப் பிள்ளையின் சத்தம் ஒத்துக்கொள்ளாது. அன்றைய கூலி போய்விடும். சிகிச்சை அரை மணித்தியாலம். அடுத்த தவணை மாதக் கணக்கில் தள்ளி. கணவன் இல்லாத வீடுகள் இங்கே எத்தனை! நுண்கடன் கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்கும் வீடுகள் எத்தனை! இந்தப் பிள்ளையை விட்டுவிட்டு அவள் வயலுக்குப் போக முடியாது, தையலுக்குப் போக முடியாது, செத்த வீட்டுக்குக்கூட முழுதாகப் போக முடியாது. இத்தனைக்கும் பிறகு அவளைப் பார்த்து, "கிளினிக்குக்கு ஒழுங்காக வருவதில்லை" என்று யாராவது சொன்னால், அது நியாயமா?

வேறு வழி இருக்கிறதா? இருக்கிறது.

தமிழ்நாட்டில் தென்காசிக்குப் பக்கத்தில் ஆய்க்குடி என்றொரு ஊர். 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வுக்குப் போன இராமகிருஷ்ணன் என்ற பொறியியல் மாணவர், அங்கே விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 1981இல், உலகம் ஊனமுற்றோர் ஆண்டு கொண்டாடியபோது, தன் ஊரிலேயே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். அந்தச் சங்கம் பிள்ளைகளைத் தன்னிடம் வா என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. அந்தந்தக் கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்தது. அவர்கள் ஸ்கூட்டரில் வீடு வீடாகப் போகிறார்கள். வளர்ச்சி பிந்திய குழந்தையோடு தாயையும் இருத்தி, வீட்டுத் திண்ணையிலேயே பயிற்சி கொடுக்கிறார்கள். சிகிச்சை நிபுணர்கள் தூரத்திலிருந்து கைபேசிச் செயலி வழியே வழிகாட்டுகிறார்கள். நிபுணர் குறைவான இடத்தில் நிபுணரின் அறிவை எப்படிப் பரப்புவது என்பதற்கு ஆய்க்குடி ஒரு பாடம்.

அது தனி ஒருவரின் தியாகத்தால் மட்டும் நடக்கக்கூடியது என்று நினைக்காதீர்கள். இந்தியாவின் கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் இரண்டு முதல் ஒன்பது வயது வரையிலான, ஓட்டிசம் உள்ள 65 பிள்ளைகளோடு நடந்த ஆய்வு 2016இல் வெளியானது. பயிற்சி கொடுத்தவர்கள் மருத்துவர்கள் அல்லர், சாதாரண சுகாதாரப் பணியாளர்கள். தாயும் பிள்ளையும் விளையாடுவதை வீடியோ எடுப்பார்கள். பிறகு இருவருமாக இருந்து அதைப் பார்ப்பார்கள். "இந்த இடத்தில் பிள்ளை உங்களைப் பார்த்தான், கவனித்தீர்களா? இங்கே நீங்கள் பொறுத்திருந்தீர்கள், அவன் தானாக உங்களிடம் வந்தான்." இவ்வளவுதான். தாயும் பிள்ளையும் ஒத்துப்போவது கூடியது, பிள்ளை தானாகத் தொடர்பு தொடங்குவதும் கூடியது. எங்கள் நாட்டிலேயே பேராசிரியர் பெரேராவின் குழு, வீட்டில் பெற்றோர் செய்யக்கூடிய பயிற்சி முறையை வளர்த்திருக்கிறது. வாசிப்புத் தேவையில்லாமல் படங்களைக் காட்டியே அடையாளங்காணும் முறையையும் ஆக்கியிருக்கிறது.

இப்போது எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு குடும்பநல உத்தியோகத்தர் பொறுப்பாக இருக்கும் நாடு இது. நிறை பார்க்கிறார், ஊசி நாளைச் சொல்லுகிறார், எல்லா வீட்டுப் படலையும் அவருக்குத் திறக்கும். இந்தப் பலம் கோவாவிலோ ராவல்பிண்டியிலோ உள்ளதை விடக் குறைந்ததா? அவர் ஏற்கெனவே வேலைச்சுமையில் இருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். ஆகவே அவர் தலையில் இன்னொன்றை ஏற்றச் சொல்லவில்லை. அவர் கண்டறியட்டும். வீட்டுக்குப் போய்ப் பயிற்சி கொடுக்க, மாதச் சம்பளத்தோடு உள்ளூர்ப் பெண்களை நியமியுங்கள். அவர்களில் ஓட்டிசம் உள்ள பிள்ளைகளின் தாய்மாருக்கு முன்னுரிமை கொடுங்கள், அவர்களை விட அனுபவம் யாருக்கு உண்டு? சிகிச்சையாளர் மாதம் ஒருமுறையாவது மல்லாவிக்கும் புதுக்குடியிருப்புக்கும் நெடுங்கேணிக்கும் வரட்டும். நாற்பது தாய்மார் நாற்பது பிள்ளைகளோடு ஏ9 வீதியில் பயணிப்பதை விட ஒரு சிகிச்சையாளர் பயணிப்பது மலிவு.

வடக்கில் இந்த வேலையை முன்னெடுத்தவர்களை நன்றியோடு நினைக்கிறேன். 2004இல் கோண்டாவிலில் ஆறு திருமுருகன் அவர்கள் தொடங்கிய சிவபூமிப் பாடசாலை எத்தனையோ வீடுகளின் பூட்டிய அறைகளைத் திறந்தது. ஆனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சிவபூமி பக்கத்தில் இருக்காது. பக்கத்தில் இருப்பது அரச பாடசாலை. அந்த வாசல் திறக்க வேண்டும்.

அது யாருடைய தயவும் அல்ல. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், வலுக்குறைவைக் காரணங்காட்டி எந்தக் கல்வி நிறுவனத்திலும் அனுமதியில் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. 2016இல் இலங்கை, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் சமவாயத்தை ஏற்று உறுதிசெய்தது. அதே ஆண்டில் கட்டாயக் கல்வி வயது 5 முதல் 16 வரை என்றாகியது. அந்தக் கட்டாயம் உங்கள் பிள்ளைக்கும் பொருந்தும். அதே 2016இல் வந்த கல்வி அமைச்சின் சுற்றறிக்கை, பாடசாலையில் உடல் தண்டனையைத் தடை செய்கிறது. "உங்கட பிள்ளையை வைச்சிருக்க எங்களிட்ட ஆளில்லை, கூட்டிக்கொண்டு போங்கோ" என்று யாராவது சொன்னால், அதை எழுத்தில் தரும்படி பணிவாகக் கேளுங்கள். கேட்டுப் பாருங்கள், பேச்சு மாறும்.

ஆசிரியர்களே, நான் உங்களைக் குறை சொல்ல வரவில்லை. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் நின்று படிப்பித்தவன் நான். பயிற்சி தராமல், உதவியாளர் தராமல், எல்லாரையும் சேர்த்துக்கொள் என்பது உங்களுக்குச் செய்யும் அநியாயம். வவுனியா தேசிய கல்வியியற் கல்லூரியிலிருந்து வெளியேறும் ஒவ்வோர் ஆரம்பக் கல்வி ஆசிரியரும் இந்தப் பிள்ளைகளோடு சில வாரங்களாவது பழகிவிட்டு வர வேண்டும் என்று கேட்போம். விசேட கல்வி அலகு பாடசாலையின் கடைசி மூலையில், பழைய தளபாடங்களுக்குப் பக்கத்தில் இருக்கக்கூடாது என்று கேட்போம். அதுவரைக்கும் உங்கள் கையில் உள்ளதைச் செய்யுங்கள். மணி அடிக்கும் இடத்திலிருந்து தள்ளி அந்தப் பிள்ளையை இருத்துங்கள். இன்றைக்கு என்னென்ன நடக்கும் என்று காலையில் படமாகக் கரும்பலகையில் போடுங்கள். துருதுருக்கும் பிள்ளையிடம் கொப்பிகளை அதிபர் அறைக்குக் கொண்டுபோகும் வேலையைக் கொடுங்கள், எழும்புவதற்கு அவனுக்கு ஒரு நியாயமான காரணம் கிடைக்கும். ணகரமும் னகரமும் மாறி மாறி எழுதும் பிள்ளையை நூறு தரம் எழுத வைக்காதீர்கள். அவன் வாயால் சொல்லட்டும், கேளுங்கள். போருக்குப் பிந்திய ஆண்டுகளில் வாசிக்க முடியாத பிள்ளைகளை எல்லாம், "இடப்பெயர்வால படிப்புக் கெட்டுப்போச்சு" என்று ஒரே சொல்லில் கடந்துவிட்டோம். அவர்களில் எத்தனை பேர் உண்மையில் வாசிப்பு இடர்பாடு உள்ளவர்களோ! யாரும் பார்க்கவில்லை. இன்று வளர்ந்து, தாங்கள் மொக்கர் என்றே நம்பிக்கொண்டு திரிகிறார்கள். பரீட்சைத் திணைக்களம் விசேட தேவையுள்ள பரீட்சார்த்திகளுக்கு மேலதிக நேரம் போன்ற சலுகைகள் தருகிறது. நேரத்தோடு விண்ணப்பியுங்கள், பெற்றோருக்கும் சொல்லுங்கள்.

ஊரவர்களுக்கு ஓர் அவசர விடயம். இந்தப் பிள்ளைகளில் சிலர் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டை விட்டு நடந்துவிடுவார்கள். பலருக்குத் தண்ணீர் மீது பெரும் விருப்பம். அப்படித் தனியே போகும் பிள்ளைகளின் உயிரிழப்புக்கு நீரில் மூழ்குவதே முதற்காரணம் என்று வெளிநாட்டுக் கணக்குகள் காட்டுகின்றன. எங்கள் மண்ணோ குளமும் வாய்க்காலும் கட்டில்லாத கிணறும் நிறைந்தது. மிதிவெடி அகற்றி முடியாத காணிகளும் இருக்கின்றன, எச்சரிக்கைப் பலகையை அந்தப் பிள்ளை வாசிக்காது. ஆகவே பிள்ளையை ஒளிக்காமல் ஊருக்கு அறிமுகப்படுத்துங்கள். கடைக்காரருக்குத் தெரியட்டும், ஓட்டோத் தம்பிக்குத் தெரியட்டும். காணாமல் போனால் முதலில் தண்ணீர் இருக்கும் பக்கம் ஓடுங்கள். கிராம அபிவிருத்திச் சங்கத்தினரே, இந்தப் பிள்ளைகள் இருக்கும் வளவுகளின் கிணறுகளுக்குக் கட்டுக் கட்டுவதை இந்த ஆண்டு வேலையாக எடுங்கள். கோயில் தர்மகர்த்தாக்களே, திருவிழாவில் ஒரு காலைப் பூசையை ஒலிபெருக்கியும் வெடியும் இல்லாமல் வையுங்கள். அம்மன் கோபிக்கமாட்டாள்.

அயல்வீட்டு அக்காமாரே, கிழமையில் ஒருநாள் இரண்டு மணித்தியாலம் அந்தத் தாயின் படலையைத் தட்டி, "நான் பிள்ளையோட இருக்கிறன், நீ போய் முழுகிப்போட்டுப் படு" என்று சொல்லுங்கள். தகப்பன்மாரே, பிள்ளையைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், உங்களோடு பிள்ளை வெளியே வரும் நாளில்தான் ஊரின் வாய் அடங்கும்.

மண்டப வாசலில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். விரும்பும் பெற்றோர் தங்கள் பெயரையும் ஊரையும் எழுதிவிட்டுப் போங்கள். பிள்ளையின் பெயர் வேண்டாம். வன்னிப் பெற்றோர் எல்லாரும் சேர்ந்து, வீட்டுக்கு வரும் பயிற்சியாளர்களையும் மாதாந்தச் சிகிச்சையாளரையும் கேட்டு, மாகாண சுகாதாரத் திணைக்களத்துக்கும் கல்வித் திணைக்களத்துக்கும் ஒரு மனு கொடுக்கப்போகிறோம். எழுத விருப்பமில்லாத தாய்மார் கையொப்பம் மட்டும் போடுங்கள். ஆசிரியர்களும் போடுங்கள். பிள்ளை இல்லாதவர்களும் போடுங்கள்.